இஎம்ஐய எங்ககிட்ட கட்டுங்கன்னாங்க, நம்பி 35,799 ரூபா விட்டேன்

காவேரிப்பட்டணத்துல இருந்து எழுதுறேன், பேர் வேணாம், இங்க ஒரு தெருவுல தும்முனா அடுத்த தெருவுல கேக்கும். தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் கடன்ல மாட்டிக்கிட்டு இருக்கவங்க, முக்கியமா ஓசூர் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருந்து வேலை போனவங்க இதை படிங்க. கடனை பாதில முடிச்சுத் தர்றோம்னு சொன்ன ஒரு ஏஜென்சிகிட்ட நாங்க ஏமாந்த கதை. நீளமா இருக்கும், எனக்கு சுருக்கி எழுத வராது.

எங்க வீட்டுக்காரர் ஓசூர்ல ஒரு வண்டி பார்ட்ஸ் பண்ற கம்பெனில நாலு வருஷம் வேலை பாத்தாரு, கான்ட்ராக்ட்தான், பிடித்தம் போக கைக்கு 17,800 வரும். 2023 ஜூன்ல ஆர்டர் இல்ல, அடுத்த வாரம் கூப்புடறோம்னு அனுப்புனாங்க, அந்த அடுத்த வாரம் இன்னும் வரல. நான் வீட்ல தைக்கிறேன், ரவிக்கை பாவாடைன்னு மாசம் ஒரு அஞ்சாயிரம், முகூர்த்த மாசம்னா கூட கொஞ்சம்.

வீட்டு கணக்கு நோட்டு என்கிட்டதான் இருக்கும். வேலை போன அன்னிக்கு ராத்திரி உக்காந்து எழுதுனேன். பைனான்ஸ் கம்பெனில வாங்குன பர்சனல் லோன் பாக்கி 1,18,000, கிரெடிட் கார்டு 62,000, வண்டி லோன் 38,000, மகளிர் குழு லோன் 31,000, ரெண்டு பவுன் செயின் அடகுல 60,000. ஆக மொத்தம் 3,09,000. மாசம் கட்ட வேண்டியது மட்டும் பதிமூணாயிரத்து சொச்சம், வாடகை 4,500 தனி, கேஸ், கரண்ட், பால், மளிகை அதெல்லாம் தனி. பிஎஃப் இருக்கேன்னு கேப்பீங்க, அது மாமனார் ஆபரேஷனுக்கே போயிடுச்சு.

ரெண்டு மாசம் எப்படியோ ஓட்டுனோம். பாப்பாவ மெட்ரிக் ஸ்கூல்ல இருந்து எடுத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டோம், அழுதா, ஆனா ஆகஸ்ட்ல இருந்து காலை சாப்பாடும் அங்கேயே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அது பெரிய உதவி, பொய் சொல்லக் கூடாது. ஆகஸ்ட் கடைசில கார்டுக்கு கட்ட முடியல. அதுல இருந்து போன், காலைல இருந்து போன். அந்த நேரத்துல பாத்துதான் அவர் போன்ல அந்த விளம்பரம் வருது, "கடனை பாதி கட்டி முடிங்க, ரெக்கவரி ஆள் வீட்டுக்கு வர மாட்டாங்க, சிபில் கிளியர்"னு. (சிபில்னா நாம கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற பதிவு.) நம்ம வீட்டு கஷ்டத்தை எட்டிப் பாத்துட்டு அனுப்புன மாதிரி இருந்துச்சு.

விளம்பரம் குடுத்த ஏஜென்சியோட ஆபீஸ் தருமபுரில, ஒரு கடைக்கு மேல மாடி. ஏசி, கண்ணாடி டேபிள், டை கட்டுன தம்பி ஒருத்தரு. என்னைய அக்கான்னுதான் கூப்பிட்டாரு. "அக்கா, நீங்க கட்டுறதனாலதான் பேங்க் இறங்கி வர மாட்டேங்குது, ஆறு மாசம் கட்டாம விடுங்க, அவங்களே பாதிக்கு வருவாங்க, அதுவரைக்கும் அந்த காசை எங்ககிட்ட சேமிப்பா போடுங்க, மொத்தமா பேசி முடிச்சு குடுக்குறோம்"னாரு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. கட்ட வேணாம்னு ஒருத்தர் சொல்ல மாட்டாரான்னு ஏங்கிக்கிட்டு இருந்த நேரம் அது.

பதிவு கட்டணம் 4,999. பர்சனல் லோனும் கார்டும் சேத்து 1,80,000க்கு 12 சதவீதம் ஃபீஸ், அதுல பாதி 10,800 முன்பணம். அதுக்கப்புறம் மாசம் 4,000 சேமிப்பு. என் வெள்ளி கொலுசும் வீட்ல இருந்த வெள்ளி விளக்கும் வித்துதான் முதல் பணம் குடுத்தோம். ஒன்பது பக்கம் அக்ரிமெண்ட், முழுக்க இங்கிலீஷ், எல்லா பக்கத்துலயும் கையெழுத்து. பணம் மட்டும் கம்பெனி அக்கவுண்ட்டுக்கு போகல, ஒரு ஆள் பேர்ல இருக்க ஜிபே நம்பருக்கு போச்சு. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, ஆனா வாயத் தொறக்கல.

அடுத்து ரெண்டு விஷயம் செய்யச் சொன்னாங்க, இதுலதான் குடும்பம் குழில விழுந்துச்சு. ஒண்ணு, அவர் போனுக்கு வர்ற எல்லா காலும் அவங்க நம்பருக்கு போற மாதிரி ஃபார்வர்ட் போட்டாங்க. ரெண்டாவது, ரிஜிஸ்டர் தபால் வந்தா வாங்காதீங்க, திருப்பி அனுப்பிடுங்க, வாங்குனாத்தான் கேஸ், வாங்கலன்னா நோட்டீஸ் செல்லாதுன்னாங்க.

வீடு அமைதியா ஆயிடுச்சு. நெசமா சொல்றேன், அந்த ரெண்டு மாசம் நல்லா தூங்குனோம். போஸ்ட்மேன் அண்ணா வந்தாரு, ஒண்ணு திருப்புனேன், ரெண்டு திருப்புனேன். மூணாவது வாட்டி அவரே "ஏம்மா, எங்கிருந்து வருதுன்னு கூட பாக்க மாட்டியா"ன்னாரு. வேணாம்ணான்னு உள்ள போய்ட்டேன். அவர் கைல அந்த கவர வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் போனாரு, ஜன்னல்ல இருந்து பாத்தேன்.

ஜனவரில ஒரு நாள் ராத்திரி எட்டரைக்கு ரெண்டு பேர் வீட்டு முன்னாடி வந்து நின்னு சத்தம். இவர் ஊர்ல இல்ல, ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி லோடு ஏத்தப் போயிருந்தாரு. பக்கத்து வீட்டம்மா கதவு தொறந்து பாக்குறாங்க, பாப்பா என் புடவைய புடிச்சுக்கிட்டு நிக்குறா. வந்தவங்க சொன்னாங்க, அஞ்சு மாசமா போன் பண்றோம், யாரோ எடுத்து "கிளையண்ட் மீட்டிங்ல இருக்காரு"ன்னு வெக்கிறாங்க, ஆளே ஓடிப் போயிட்டான்னு நெனச்சோம்னு. (அவங்க ராத்திரி வந்ததும் தப்புதான். ரெக்கவரி ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் போன் கூட பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு. எனக்கு அன்னிக்கு தெரியாது.)

மறுநாள் அந்த மாடி ஆபீசுக்கு ஓடுனோம். அக்கான்னு கூப்பிட்ட தம்பி இல்ல, வேற ஒரு பொண்ணு, "மேடம் கேஸ் கொஞ்சம் சீரியஸ் ஆயிடுச்சு, இனிமே ஐபி போடுறதுதான் வழி, மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டா ஒருத்தனும் வாசல் மிதிக்க முடியாது, வக்கீல் செலவு 35,000 மட்டும் ஆகும்". (ஐபின்னா கடனை கட்ட முடியலன்னு கோர்ட்ல திவால் மனு போடுறது, அதைத்தான் மஞ்ச நோட்டீஸ்னு சொல்வாங்க.) நான் கேட்டேன், அஞ்சு மாசம் போட்ட 20,000 சேமிப்ப குடுங்க, அதுல பாதியாவது கட்டுறேன்னு. "அது சர்வீஸ் சார்ஜ்ல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு மேடம்". அவ்ளோதான். அந்த பொண்ணு என் மூஞ்சிய கூட பாக்கல, கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு சொல்லுச்சு.

எங்க அப்பா காலத்துல ஊர்ல ஒரு ஜவுளிக் கடைக்காரர் மஞ்ச நோட்டீஸ் குடுத்தாருன்னு பேசிப்பாங்க, அந்த பேரே ஒரு அவமானம். பஸ்ல வரும்போது இவர் ஒண்ணுமே பேசல. என் மூக்குத்திய வித்து ஐபி போட்டுடலாமான்னு கூட நான் யோசிச்சேன், அதான் உண்மை.

குழுவுல ஒரு அக்கா சொல்லித்தான் கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்துல இருக்க சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போனேன். பொம்பளைங்கன்னா வருமானம் எவ்ளோன்னு பாக்காம அங்க இலவசமா வக்கீல் உதவி உண்டு, சட்டத்துலயே இருக்கு, 15100னு போன் நம்பரும் இருக்கு. எனக்கு ஒரு வக்கீலம்மா கெடச்சாங்க. அந்த ஒன்பது பக்கத்த படிச்சுட்டு ஏழாவது பக்கத்துல விரல் வெச்சாங்க. கடனை முடிச்சுத் தருவோம்னு எந்த உத்தரவாதமும் இல்ல, கட்டுன பணம் திருப்பித் தரப்படாது. நான் கையெழுத்து போட்ட பக்கம்.

தபால் விஷயம் கேட்டதும் தலைல அடிச்சுக்கிட்டாங்க. "ஏம்மா, சரியான விலாசத்துக்கு வந்த ரிஜிஸ்டர் தபால வேணாம்னு திருப்புனா, வந்து சேந்த மாதிரிதான் கோர்ட் எடுத்துக்கும். உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்குற வாய்ப்பு மட்டுந்தான் உனக்கு போச்சு." உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? மூணுல ஒண்ணு கார்டு பேங்க் அனுப்புனது, இவ்ளோ கட்டுனா முடிச்சுக்கலாம், வந்து பேசுங்கன்னு. எதுக்காக அந்த மாடிக்கு காசு குடுத்தோமோ அது சும்மா வாசலுக்கு வந்துச்சு, நான்தான் திருப்பி அனுப்பி இருக்கேன்.

ஐபி பத்தியும் அவங்கதான் வெளக்கமா சொன்னாங்க. நம்ம மாவட்டங்களுக்கு 1920ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டந்தான், சென்னைக்கு மட்டும் 1909ல வந்த தனி சட்டம். வக்கீல் நோட்டீஸ் அனுப்புனா மட்டும் ஒண்ணும் ஆகாது, கோர்ட்ல மனு போட்டு, விசாரிச்சு, திவால்னு உத்தரவு வரணும். வந்துட்டா நம்ம பேர்ல இருக்க சொத்து கோர்ட்டு கைக்கோ, கோர்ட்டு போடுற ரிசீவர்ங்குற ஆள் கைக்கோ போயிடும், அதுக்கப்புறம் கடன்ல இருந்து விடுதலைக்கு தனியா மனு போடணும். அடகு வெச்ச செயினுக்கு அதெல்லாம் பொருந்தாது, அடகு புடிச்சவங்க அவங்க பாட்டுக்கு ஏலம் விடலாம். என் மாமனார் இவர் பேர்ல எழுதி வெச்ச ஒன்றரை சென்ட் நிலம் இருக்கு, அது போயிருக்கும். உங்களுக்கு மூணு லட்ச கடன், உழைக்கிற வயசு, இதுக்கு எதுக்கு ஐபின்னு கேட்டாங்க. ஐபி யாருக்குமே வேணாம்னு நான் சொல்ல வரல, சில பேருக்கு அதுதான் வழியா இருக்கும், ஆனா மாடி ஆபீஸ் பேச்சை கேட்டு போகாதீங்க.

அடுத்த வாரம் நானே பைனான்ஸ் கம்பெனி கிருஷ்ணகிரி பிராஞ்சுக்கு போனேன். கை காலெல்லாம் நடுக்கம். மேனேஜர் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தாரு. அந்த ஏஜென்சிகிட்ட இருந்து அஞ்சு மாசத்துல ஒரே ஒரு மெயில், நாலு வரி, எங்க கட்சிக்காரர் கஷ்டத்துல இருக்காரு அவகாசம் குடுங்கன்னு. வரிக்கு ஒன்பதாயிரம்னு வெச்சுக்கோங்க. 1,18,000 இருந்த பாக்கி 1,37,000 ஆயிருந்துச்சு, இஎம்ஐ எடுக்க அக்கவுண்ட்ல காசு இல்லன்னா ஒவ்வொரு வாட்டியும் பவுன்ஸ் சார்ஜ், மாசத்துக்கு ரெண்டு வாட்டி கூட போட்டிருக்காங்க. கார்டு 62,000ல இருந்து 81,000. மேனேஜர் சொன்னாரு, வேலை போன உடனே வந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மான்னு. கோவமாத்தான் சொன்னாரு, ஆனா சார்ஜ் எல்லாம் கழிச்சு 1,30,000க்கு நாலு வருஷமா மாத்தி, மாசம் 5,420 இருந்தத 3,820 ஆக்கி குடுத்தாரு. சிபில்ல ரீஸ்ட்ரக்சர்னு, அதாவது தவணைய மாத்துன கடன்னு விழும், வட்டியும் மொத்தத்துல கூடத்தான். பரவால்ல.

கார்ட வக்கீலம்மா மார்ச் 9 தேசிய லோக் அதாலத்ல, அதாவது ரெண்டு பக்கமும் சமரசமா பேசி முடிக்கிற கோர்ட்ல வெச்சாங்க. பேங்க் ஆளு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல ஜட்ஜ், பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல. 45,000க்கு முடிஞ்சுச்சு, மாசம் 15,000 வீதம் மூணு தவணை. அதுக்கு ஏது பணம்னா, அதுவும் வக்கீலம்மா சொன்னதுதான், சம்பளத்துல இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு பிடிச்சாங்களான்னு கேட்டாங்க. பிடிச்சாங்க. வேலை போன இஎஸ்ஐ ஆளுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம், வாயில நுழையாத பேரு, சராசரி தினக்கூலில பாதிய அதிகபட்சம் 90 நாளைக்கு குடுப்பாங்க, ஆயுசுல ஒரு தடவை, ரெண்டு வருஷமாவது இஎஸ்ஐல இருந்திருக்கணும், இத்தனை நாள் பிடித்தம் இருக்கணும்னு கணக்கும் உண்டு. ஆன்லைன்ல போட்டு இஎஸ்ஐ ஆபீசுக்கு மூணு நடை அலைஞ்சாரு, கிட்டத்தட்ட 29,000 வந்துச்சு. நாலு வருஷம் கூட வேலை பாத்தவங்க ஒருத்தருக்கும் இது தெரியல. உங்க வீட்ல யாராவது அப்படி இருந்தா, இந்த திட்டம் இப்பவும் இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க.

அந்த ஏஜென்சி மேல தருமபுரி எஸ்பி ஆபீஸ்ல மனு குடுத்து ரசீது வாங்கி வெச்சிருக்கேன். கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்லயும் போட்டாச்சு, நாம குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம், அஞ்சு லட்சத்துக்குள்ள ஃபீஸ் கிடையாது. ரெண்டும் நிலுவைலதான் இருக்கு, பணம் வரும்னு நான் எழுதி வெக்கல. ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அக்ரிமெண்ட், அந்த தம்பி வாட்ஸப்ல அனுப்புன வாய்ஸ் எல்லாம் அழிக்காம வெச்சது உதவுச்சு, நீங்களும் அழிச்சுடாதீங்க. ரெக்கவரி ஆளுங்க அசிங்கமா பேசுனா முதல்ல அந்த கம்பெனிக்கே எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் வங்கியோட புகார் விசாரிக்கிற அதிகாரி, ஓம்பட்ஸ்மேன்னு பேரு, அவருக்கு எழுதுங்க, அதுக்கும் காசு கிடையாது, 14448ல கேட்டா தமிழ்லயே சொல்றாங்க.

குழு லோன மட்டும் ஒரு மாசம் கூட விடல. மத்த ஒன்பது பொம்பளைங்க எனக்காக கட்டி, நான் அவங்க மூஞ்சில முழிக்கணுமேன்னு.

இவர் இப்ப மாங்கூழ் ஃபேக்டரில சீசன் வேலைக்கு போறாரு, ஜூலை வரைக்கும் ஓடும், அப்புறம் பாக்கணும். கார்டு மூணாவது தவணை மே மாசம் கட்டிட்டேன். போன வாரம் போஸ்ட்மேன் அண்ணா ரிஜிஸ்டர் தபாலோட வந்து, வாசல்ல நின்னுக்கிட்டே "இதையாவது வாங்குவியா"ன்னாரு. கையெழுத்து போட்டு வாங்கிப் பிரிச்சேன், கார்டு பேங்கோட நிலுவை இல்லைங்குற லெட்டர். சிபில்ல குளோஸ்டுன்னு வராது, செட்டில்டுன்னுதான், அதாவது கொறச்சு பேசி முடிச்சதுன்னுதான் நிக்கும், இன்னும் சில வருஷத்துக்கு எவனும் லோன் தர மாட்டான், தராம இருந்தா நல்லதுன்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. செயினுக்கு வட்டி 27ஆம் தேதிக்குள்ள கட்டணும், தைக்க பதினோரு ரவிக்கை கெடக்கு. ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, ராத்திரிதான் பதில் போடுவேன்.