இரண்டாவது ராடு, 14 மாதம், ஒரு ரோலர்

போன வாரம் அக்கா மகன் வாடிப்பட்டியிலிருந்து போன் போட்டான். "மாமா, நீங்க வச்சிருக்க அந்த ரெண்டாவது செட்டு இப்ப ஆயிரத்து நூறு ரூபா இறங்கியிருக்கு. ஆர்டர் போட்டுறவா?" செட்டு என்றால் மீன் பிடிக்கிற ராடும், நூல் சுற்றுகிற ரீலும்.

உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. முந்தின ராத்திரிதான் அந்த ரீலின் லைன் ரோலரை மூன்றாவது தடவையாகக் கழற்றி மாட்டியிருந்தேன். விரலில் கிரீஸ் வாடை அப்படியே இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் கோபம் மட்டும்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

என் முதல் செட்டு அவனுக்குத் தெரியும். 7 அடி ராடு, விறைப்பில் மீடியம் ஹெவி, 4000 சைஸ் ரீல், 40 பவுண்டு தாங்குகிற பிரெய்டு, அதாவது பின்னல் நூல். தென்கரைக் கண்மாயில் ஆகாயத்தாமரைக்கு மேலே பொய்த் தவளையை இழுத்து விரால் பிடிப்பதற்கு அதை மிஞ்ச வேறு தேவையில்லை. கடித்த மீனை இலையும் தண்டுமாகச் சேர்த்து வாரிக்கொண்டு வர வேண்டும், அதற்கு அந்த முரட்டுத்தனம் வேண்டும். ஆனால் அதே ராடில் 5 கிராம் ஸ்பின்னரை, சுழல்கிற தகடு வைத்த பொய் இரையை, கட்டி எறிந்தால் பத்தடி தள்ளி விழும். அவ்வளவு சின்ன எடைக்கு அந்த ராடு வளையாது. வளைந்து நிமிர்ந்தால்தானே எறியும். கால்வாய் மடையில் குரவை மீன் கண்ணுக்கு முன்னால் புரண்டுகொண்டிருக்கும், நான் தவளையை அவிழ்த்து, லீடர் (நூல் முனையில் கட்டுகிற தனி நூல்) மாற்றி, முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் வெயில் ஏறிவிடும்.

அதனால் இரண்டாவது வாங்கினேன். ஆறரை அடி, மீடியம் லைட், கார்பன், 2500 ரீல், 15 பவுண்டு பிரெய்டு. கடைக்காரர் மீடியம்தான் எடுக்கச் சொன்னார், "ரெண்டுக்கும் ஆகும்" என்றார். கேட்காதது நல்லதாகப் போயிற்று. மீடியம் ஹெவி கையில் இருக்கும்போது ஒரு படி மட்டும் இறங்கினால் பழைய ராடையே இன்னொரு தடவை வாங்கின மாதிரி ஆகிவிடும். இரண்டு படி இறங்க வேண்டும்.

ராடைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாள் ஸ்பின்னரைப் போட்டு மெதுவாகச் சுற்றியபோது, தண்ணிக்குள் அந்தச் சின்னத் தகடு சுழல்வது என் உள்ளங்கையில் தெரிந்தது. துடுதுடுவென்று, மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்ப்பது போல. பாசியில் பட்டால் துடிப்பு கனத்து மெதுவாகும். மண்ணைத் தொட்டால் சட்டென்று நிற்கும். குரவை கொத்தினால் துடிப்புக்கு நடுவே 'டக்' என்று ஒரு தட்டு. இருபது வருடம் மூங்கில் கம்பும் தக்கையும், அப்புறம் ஃபைபர் ராடும் பிடித்தவன் நான். தண்ணிக்குள் நடப்பதைக் கண்ணால் ஊகித்தே பழக்கம். கையால் பார்க்க முடியும் என்று இந்த ராடுதான் காட்டியது. அன்றைக்கு மீன் எதுவும் கிடைக்கவில்லை, சாப்பாட்டு நேரம் வரைக்கும் எறிந்துகொண்டே இருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இது அவனுக்கு முக்கியம். கார்பன் மின்சாரம் கடத்தும். நம் பக்கம் கால்வாய்க் கரை பூராவும் தென்னந்தோப்பு, பம்பு செட்டுக்குப் போகிற கம்பி தாழ்வாகத் தொங்கும். ராடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கவே கூடாது. இடி மின்னல் வந்தால் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும்.

இனி ரீல். நாலு மாதம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஐந்தாவது மாதம் சுற்றும்போது ஒரு கீச்சுச் சத்தம். நூலை வாரிச் சுற்றுகிற பெயில் கம்பியின் முனையில், நூல் திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கிறதே, அதுதான் லைன் ரோலர். நூல் ஓடும்போது அதுவும் சேர்ந்து உருள வேண்டும். என்னுடையது உருளவில்லை. நூல் அதன்மேல் ஒரே இடத்தில் உரசி உரசி, பிரெய்டில் பஞ்சு பிரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. பேரணையிலிருந்து வருகிற பெரியாறு கால்வாய், ஒரு மடைப் பக்கம். விடிந்தும் விடியாத நேரம். விராலுக்குத் தண்ணிக்குள் இருக்கிற காற்று மட்டும் போதாது, மேலே வந்து குடித்துவிட்டுத்தான் போகும். அப்படி ஒரு சுழிப்பு தெரிந்தது. சுற்றிலும் செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எறிந்திருக்க மாட்டேன், குஞ்சைக் காக்கிற விராலைப் பிடித்தால் அத்தனையும் போய்விடும். இரண்டு முழம் தள்ளிப் போட்டு இழுத்தேன். அடித்தது. ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். டிராக்கை, மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கிற பிரேக்கை, இளக்கமாகத்தான் வைத்திருந்தேன், நூல் வழவழவென்று போயிருக்க வேண்டும். போகவில்லை. ரோலரில் சிக்கிச் சிக்கி, திக்கித் திக்கிப் போனது. மூன்றாவது இழுப்பில் அறுந்தது. சுற்றிப் பார்த்தால் முடிச்சு அறவில்லை, லீடருக்கு மேலே இரு கை விரித்த நீளத்தில், பஞ்சு பிரிந்த இடத்தில் அறுந்திருக்கிறது. வாயில் முள்ளோடு அந்த மீன் போய்விட்டது. மீன் தப்பியதில் எனக்கு வருத்தமில்லை. முள்ளோடு போனது இன்றைக்கும் உறுத்துகிறது.

கம்பெனிக்கு எழுதினேன். ரோலர் பேரிங் தனியாகக் கிடையாது, ரீலை அனுப்புங்கள், பெயிலை முழுதாக மாற்றித் தருகிறோம், கூரியர் உங்கள் செலவு என்று பதில் வந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு பேரிங், அதற்கு இந்தப் பாடு.

நானே கழற்றினேன். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையில் வைத்து, போனில் படம் பிடித்துக்கொண்டு. ஒரு திருகாணி, ஒரு வாஷர், ரோலர், உள்ளே பேரிங், இன்னொரு வாஷர். பேரிங்கைச் சுற்றி கிரீஸும் கண்மாய் வண்டலும் சேர்ந்து கருப்பு மாவாக இறுகியிருந்தது. அளந்தேன்: உள் விட்டம் 4 மில்லி, வெளி விட்டம் 7, கனம் 2.5. டவுனில் ஒரு பேரிங் கடையில் 120 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டியதும் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன், ஆகமொத்தம் மூன்று.

நியாயமாகப் பேசினால், தப்பு முழுக்க ரீலுடையதல்ல. மீனைக் கரையேற்றும்போது ரீலைச் சேற்றுத் தண்ணியில் நானும் முக்கியிருக்கிறேன். ஸ்பின்னருக்கு ஸ்விவல் (நூல் முறுக்காமல் சுழல்கிற கண்ணி) போடாமல் ஒரு மாதம் எறிந்தேன், நூல் முறுக்கிக்கொண்டு கொத்தாகச் சிக்க அதுவும் காரணம். டிராக் நழுவி நூல் வெளியே போய்க்கொண்டிருக்கும்போது கைப்பிடியையும் சுற்றுவேன். 5.2 விகித ரீலில் (கைப்பிடி ஒரு சுற்றுக்குப் பெயில் 5.2 சுற்று) அப்படி ஒரு சுற்றுச் சுற்றினால் நூலில் ஐந்து முறுக்கு விழும். மீன் இழுக்கும்போது சுற்றாதே, அது நிற்கும்போது சுற்று என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். எறிந்ததும் பெயிலைக் கையால் மூடி, நூலை ஒரு தடவை இழுத்து விறைப்பாக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும் என்பதையும் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு நூல் கொத்தாகச் சிக்குவது அநேகமாக நின்றேவிட்டது. டிராக்கும் பல்சக்கரமும் இன்றைக்கும் புதிது மாதிரி இருக்கின்றன.

14 மாதத்துக்குச் செலவு என்று பார்த்தால் 120 ரூபாயும் கொஞ்சம் எண்ணெயும்தான். விலையும் இறங்கியிருக்கிறது. கணக்குப்படி "வாங்கு" என்றுதான் சொல்ல வேண்டும்.

மாப்ள, அந்த செட்டைப் போடாதே. ராடு தனியாக வருகிறது, அதை மட்டும் எடு. ரீலை நேரில் கடைக்குப் போய் வாங்கு. பெட்டியில் எத்தனை பேரிங் என்று போட்டிருப்பதைப் படிக்காதே. கொஞ்சம் நூல் கொண்டு போய் ரோலர் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்துப் பார். நூலோடு சேர்ந்து உருள வேண்டும். அப்புறம் அந்த ரோலரும் பேரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேள். கடைக்காரர் தெரியாது என்றால் வேறு கடைக்கு வா, நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை.