பொன்முலாம் வெண்கலம் என்று சொல்லி 1,850 யூரோவைச் சுருட்டிவிட்டான்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாரிஸ் பக்கம் பழைய பொருள் வாங்கும் பழக்கம் உள்ள நம் ஆட்கள் நாலு பேராவது உஷாராகட்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய பளிங்குக் கணப்பு ஒன்று இருக்கிறது. அதில் வைக்க ஒரு ஜோடி ஷெனே தேடிக்கொண்டிருந்தேன். விறகைத் தாங்கப் பின்னால் இரும்புச் சட்டம், முன்னால் அலங்காரத்துக்குப் பொன்முலாம் பூசிய வெண்கலம், அதுதான் ஷெனே. 18ஆம் நூற்றாண்டு அசலில் நல்ல ஜோடி என்றால் பல ஆயிரம் யூரோ போகும்.

பழம்பொருள் விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம் பார்த்தேன். தீச்சுடர் எழும் கலசம், அதைச் சுற்றி மலர்மாலை. ‘லூயி 16 காலத்தது, பாதரச முலாம்’ என்று போட்டிருந்தது. அதாவது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயியின் காலம்; பொன்னைப் பாதரசத்தில் கலந்து பூசிச் சூடேற்றும் பழைய முறை முலாம். விலை 1,850 யூரோ. விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் ‘தொழில்முறை விற்பனையாளர்’ என்ற அடையாளம் வேறு.

போன் செய்தேன். அந்த ஆள் பேசிய பேச்சு இப்போதும் காதில் நிற்கிறது. “போட்டோவை நம்பி வாங்காதீர்கள் மெசியே. நேரில் வந்து தொட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள்.” ஏமாற்றுகிறவன் இப்படிக் கூப்பிடுவானா? சொல்லுங்கள்.

கடை ஊருக்கு வெளியே, கிடங்கு மாதிரி. காபி உண்மையிலேயே வந்தது. ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தான், நல்ல கனம். காந்தத்தை வைத்துக் காட்டினான், ஒட்டவில்லை. “இரும்பில்லை, பார்த்தீர்களா?” அப்புறம் அடிப்பாகத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினான். கிரீடம் வைத்த ‘C’ எழுத்து. 1745 முதல் 1749 வரை பிரான்சில் செம்பு கலந்த பொருள்களுக்கு வரி கட்டியதற்கு அடித்த முத்திரை அது. நானும் படித்திருக்கிறேன். அந்த முத்திரையைப் பார்த்ததும் முழுசாக நம்பிவிட்டேன். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேரே வங்கிக்கு அனுப்புங்கள் என்றான். அங்கேயே நின்று 1,850 யூரோவை அனுப்பினேன்.

வீட்டில் துடைக்கும்போது சுடரின் நுனி ஒன்று பொட்டென்று உடைந்தது. உள்ளே சாம்பல் வெள்ளை. வெண்கலம் உடைந்தால் மஞ்சளோ சிவப்போ தெரிய வேண்டும்.

பாரிஸை ஒட்டிய சான்த்துவான் பழம்பொருள் சந்தைப் பக்கம் உலோகப் பொருள் சீர்செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். ‘ரெகுல்’ என்றார், துத்தநாகக் கலவை. மேலே இருப்பது வெறும் பொன்னிறப் பூச்சு. பாதரச முலாமில் மெருகேற்றிய இடமும் மங்கலாக விட்ட இடமும் தனித்தனியாகத் தெரியும், இதில் எல்லாம் ஒரே பளபளப்பு. கனம் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தால். காந்தம் துத்தநாகத்திலும் ஒட்டாது. முத்திரை அடித்ததே இல்லை, அச்சிலேயே வார்த்தது. ஓரமெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டார்: “1749இல் நின்றுபோன முத்திரை, 1774இல் பட்டத்துக்கு வந்த ராஜாவின் காலத்துப் பொருளில் எப்படி வரும்?”

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. அப்புறம் “வெளியூரில் இருக்கிறேன்.” அப்புறம் “உங்களுக்கு வெண்கலம் தெரியாது.” கடைசியில் “ரசீதைப் படியுங்கள்.” படித்தேன். ‘லூயி 16 பாணி ஷெனே ஒரு ஜோடி, பொன்னிற உலோகம்.’ வெண்கலம் என்றோ, காலம் என்றோ ஒரு எழுத்து இல்லை. வேண்டுமானால் 200 யூரோவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறானாம். என் 1,850 யூரோவுக்கு 200!

தளத்துக்காரர்கள் அதைவிட மோசம். பணம் எங்கள் வழியாக வரவில்லை, விற்பவரிடமே பேசுங்கள் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். விளம்பரத்தை ஏற்றியது யார் தளத்தில்? வங்கியோ, நீங்களே ஒப்புதல் கொடுத்த பரிமாற்றம் என்று கையை விரித்துவிட்டது. நேரில் வா என்று அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதன் சூட்சுமம் இப்போதுதான் புரிகிறது. தொழில்முறை விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை கிடையாது.

அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கான்சோவில் புகார் போட்டிருக்கிறேன். விளம்பரத்தை அன்றைக்கே படம் பிடித்து வைத்திருந்தது மட்டும்தான் கையில் இருக்கும் ஆயுதம்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. ரசீதில் ‘லூயி 16 காலம்’ என்று எழுதினால் பழம்பொருள், கலைப்பொருள் விற்பனை பற்றிய 1981 பிரெஞ்சு அரசாணைப்படி அது உத்தரவாதம், ‘பாணி’ என்று எழுதினால் ஒன்றுமே இல்லை. எழுத மறுத்தால் காபியோடு கிளம்பிவிடுங்கள். திருகாணியைக் கழற்றி, வெண்கலத்தை இரும்பிலிருந்து பிரித்துத் தூக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள்.

அதே ஆள் இன்று காலை சிங்க முகம் வைத்த இன்னொரு ஜோடியைப் போட்டிருக்கிறான், 2,100 யூரோ. அதிலும் கிரீட முத்திரைக்குத் தனிப் போட்டோ இருக்கிறது.