பொக்கோர் மலை பழைய கேசினோ: பேய் பாக்கப் போனா பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க

கம்போடியா போறவங்க முக்கால்வாசி பேர் அங்கோர் வாட் பாத்துட்டு அப்படியே திரும்பிடுவாங்க, நாங்க மூணு பேரு மட்டும் தெக்க கம்போட்ங்கிற ஊர் வரைக்கும் போனோம், என் தம்பிக்கு பேய் பங்களா பைத்தியம், அதான் காரணம். பொக்கோர் மலை உச்சில பிரெஞ்சுக்காரன் 1925ல திறந்த ஹோட்டல், பொக்கோர் பேலஸ், கேசினோன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அதோட பழைய போட்டோ நீங்களும் எங்கயாச்சும் பாத்திருப்பீங்க, ஜன்னல் கதவு ஒண்ணும் கிடையாது, செவுரு முழுக்க ரத்தம் காஞ்ச மாதிரி கறை, பின்னாடி வெறும் மூடுபனி.

மொதல்லயே சொல்லிடறேன், அந்தக் கோலத்துல இப்ப அது இல்ல. ரிப்பேர் பண்ணி 2018ல மறுபடி ஹோட்டலாவே திறந்துட்டாங்க, கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சுனு நிக்குது. தம்பி மூஞ்சிய பாக்கணுமே, பொண்ணு பாக்கப் போயி சமோசா மட்டும் தின்னுட்டு வந்தவன் மாதிரி ஆயிட்டான். எனக்கென்னவோ பிடிச்சுது, பாழடைஞ்சு இடிஞ்சு விழறதுக்கு இது எவ்வளவோ மேல். நீங்க பயப்படறதுக்குன்னே போறீங்கன்னா மட்டும் யோசிச்சுக்கங்க.

கம்போட்ல இருந்து வேன்ல மலைக்குக் கூட்டிட்டுப் போற ஒருநாள் டூருக்குத்தான் இந்த ரிவ்யூ. வேன் ஓகே, ரோடு சூப்பர். கைடுதான் கொஞ்சம் ஓவர். போன்ல திகில் மியூசிக் போட்டுட்டு கதை சொல்ல ஆரம்பிச்சாரு, சூதாட்டத்துல சொத்தெல்லாம் தோத்தவங்க ஹோட்டலுக்குப் பின்னாடி இருக்குற பாறை விளிம்புல இருந்து குதிச்சிடுவாங்களாம், பனி இறங்குன ராத்திரில அழுகுற சத்தம் கேக்குமாம். ஏறும்போது சொன்னப்ப குதிச்சவன் வியாபாரி, மேல போய் அதே கதைய சொன்னப்ப பட்டாளத்துக்காரன். தம்பி கேட்டே கேட்டான், "அண்ணே ஒரே ஆளா, ரெண்டு பேரா?" அவரு சிரிச்சுட்டு விட்டுட்டாரு.

ஆனா அந்த விளிம்புல நின்னு பாத்தா கதை எப்படிப் பொறந்துச்சுன்னு நல்லா புரியுது. மலை 1,000 மீட்டருக்கு மேல, கீழ சட்டுனு கடல், அங்கருந்து வர்ற ஈரக்காத்து பாறைல மோதி மேல ஏறி குளிர்ந்து பனியாயிடுது. இப்ப கடல் தெரியும், பேசிட்டு திரும்பறதுக்குள்ள பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது. ஜன்னல் இல்லாத காலத்துல அத்தனை ஓட்டையிலயும் காத்து பூந்து வந்தா அழுகுற சத்தம் கேக்காம என்ன செய்யும். அந்த ரத்தக்கறை கூட ஈரச் செவுத்துல படர்ற லைக்கன்தான், நம்ம ஊர்ல பாறைமேல பூத்திருக்குமே அதே ஜாதி.

என்னை உறுத்துனது வேற. கைடு ஒரே வரில தாண்டிட்டாரு, நான்தான் திரும்பக் கேட்டேன். வெயில் தாங்காத பிரெஞ்சு துரைங்க ஜில்லுனு இருக்கணும்னுட்டுதான் இந்த மலைல ஊரே கட்டுனாங்க, அதுக்கு கூலியாட்கள கொண்டாந்து ரோடு வெட்டி கட்டடம் எழுப்புனதுல 900 பேர் கிட்ட செத்ததா சொல்றாங்க. குதிச்ச ஒரு பணக்காரனுக்கு ரெண்டு கதை இருக்கு, இவங்கள்ல ஒருத்தருக்குக் கூட பேயா வர்ற சான்ஸ் குடுக்கல பாருங்க!

அப்புறம் 1940கள்ல சண்டை வந்து பிரெஞ்சுக்காரன் விட்டுட்டு ஓடுனான், 62ல நாட்டுத் தலைவர் சிஹானூக் காலத்துல மலைல மறுபடி சூதாட்டம், 72ல கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் கலகப்படை வந்து அதுவும் குளோஸ். 1979ல அவங்கள விரட்ட வந்த வியட்நாம் படை ஹோட்டலுக்குள்ள, கெமர் ரூஜ் ஆளுங்க ஒரு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்குற பழைய சர்ச்சுக்குள்ள, ரெண்டு பக்கமும் சுட்டுக்கிட்டாங்க. அந்த சர்ச்ச விட்டுடாதீங்க. பேலஸ்ல தேடுன அந்த உணர்வு எனக்கு இங்கதான் வந்துச்சு. செங்கல் செவுரு, உள்ள ஒரு ஆளும் இல்ல, பேசுனா நம்ம குரலே வேற மாதிரி கேக்குது. தம்பி முதல் தடவையா போனை பாக்கெட்ல வச்சான்.

2012ல திறந்த புது கேசினோ ஹோட்டல் ஒண்ணும் மேலயே பிரம்மாண்டமா இருக்கு, நாங்க உள்ள போகல, அதுல பேயும் கிடையாது.

டூருக்கு 5க்கு மூணரை. ஸ்வெட்டர் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, கம்போடியாதானேன்னு அரை டிராயர்ல போயிடாதீங்க, நான் போனேன். மழைக்காலம்னா ஒண்ணுமே தெரியாம திரும்ப வேண்டி வரலாம்.

இறங்கும்போது யேய் மாவ் சிலைகிட்ட நிறுத்துனாங்க. 29 மீட்டர் உசரத்துக்கு உக்காந்திருக்குற பாட்டி தெய்வம், அந்தக் கடலோரப் பக்கம் வழிப்போக்கருக்கெல்லாம் காவல், நம்ம எல்லைச்சாமி மாதிரின்னு வச்சுக்கங்களேன். ஜனங்க வாழைப்பழச் சீப்பும் ஊதுவத்தியுமா வச்சிருந்தாங்க. காலைல இருந்து சிரிச்சுக்கிட்டே பேய்க்கதை சொன்ன நம்ம கைடு இங்க செருப்ப கழட்டிட்டு, மியூசிக்க நிறுத்திட்டு, ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்னாரு. வேன்ல ஏறி கம்போட் வர்ற வரைக்கும் யாரும் கதை கேக்கல, அவரும் சொல்லல.