அப்பத்தாவா, யூடியூப்பா, விடுதி வகுப்பா?

காரைக்குடிப் பக்கம் அன்றாடச் சமையல் பழக நினைப்பவருக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. அப்பத்தா, ஆயா, அம்மா என்று வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பழகலாம். போனில் வீடியோ பார்த்துச் செய்யலாம். பழைய பெரிய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்களின் சமையல் வகுப்பில் சேரலாம். சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குக் கிளம்பும் முன் இதில் எது சரி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பையன்களும் கேட்கிறார்கள் என்பது நல்ல விஷயம்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் விருந்துச் சமையல்: கோழி, நண்டு, கவுணி அரிசி. கல்பாசியும் மராட்டி மொக்கும் சூடான எண்ணெயில் விழுந்ததும் வாசம் எப்படி மாறுகிறது, கல்பாசி கொஞ்சம் கூடினாலும் குழம்பு எப்படிக் கசக்கிறது என்பதையெல்லாம் கற்க அது நல்ல இடம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே தினமும் மசாலா வறுத்து அரைத்துத்தான் சாப்பிடுகிறோம் என்று ஊர் ஊராக ‘செட்டிநாடு’ ஹோட்டல் போர்டுகள் நம்பவைத்துவிட்டன. வீட்டில் தினப்படி இருப்பது ஒரு குழம்பு, கூட்டு, துவட்டல் (பொரியல்தான்), ரசம், மோர், அவ்வளவுதான்.

ஆக, போட்டி அப்பத்தாவுக்கும் யூடியூப்புக்கும்தான். இரண்டையும் எடைபோட நான் எடுத்துக்கொள்வது வெண்டைக்காய் மண்டி. மசாலாப்பொடி, பருப்பு, தேங்காய் எதுவும் வேண்டாம். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதாகக் களைந்த கெட்டித் தண்ணீரில் புளியை ஊறப்போட வேண்டும். கடுகு, உளுந்து தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, வெண்டைக்காயைப் போட்டு வழவழப்பு போகிறவரை வதக்கிய பிறகு அந்தப் புளித் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடுவது. அரிசி மாவுச்சத்து வெந்து தானாகக் கெட்டிப்படும்.

வீடியோவில் இது நாலு நிமிடம். வதக்குகிற இடத்தில் ஒரு வெட்டு. அடுத்த நொடி காய் சுருங்கிப் பக்குவமாகக் கிடக்கும். சமையலே அந்த வெட்டுக்குள்தான் இருக்கிறது. வழவழப்பு எப்போது போகும்? கரண்டியைத் தூக்கினால் நூல் விடக்கூடாது. தீயைக் குறைக்கவும் கூடாது, மூடி போடவும் கூடாது, உப்பை முன்னாலேயே கொட்டவும் கூடாது. பக்கத்தில் நின்றால் இதெல்லாம் யாரும் சொல்லாமலே கண்ணில் படும். அரிசியும் அப்படித்தான். ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று வீடியோ ஒரே கணக்கைச் சொல்லிவிடும். உங்கள் மூட்டையில் இருப்பது பழைய அரிசியா புது அரிசியா என்று அதற்குத் தெரியாது. பழசு தண்ணீர் கூடக் குடிக்கும், புதுசு குழையும்.

அப்பத்தாவிடம் அளவு கிடையாது, எல்லாம் கைக்கணக்கு என்பார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, அது நிற்கிற அளவுதான் உளுந்து என்பார்கள். தராசு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம். ‘எலுமிச்சங்காய் அளவு புளி’தான் கொஞ்சம் தொல்லை, ஏனென்றால் எலுமிச்சங்காய் ஆளுக்கு ஆள் மாறும். அவர் எடுத்துவைத்த உருண்டையை ஒரு தடவை எடைபோட்டு எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

அப்பத்தா வழியில் நிஜமான சிக்கல் வேறு. கை வேகம். நீங்கள் கேள்வி கேட்பதற்குள் தாளிப்பு முடிந்திருக்கும். “ஏன் அப்பத்தா இப்ப பூண்டு போட்டீங்க?” என்றால், “இப்பத்தான் போடணும்” என்பதே பதில். கொஞ்சம் தடுமாறினால் “நீ தள்ளு, நான் பாத்துக்கிறேன்” என்று கரண்டியை வாங்கிவிடுவார். அப்புறம் உங்களுக்கு வாய்ப்பது சின்ன வெங்காயம் உரிக்கிற வேலைதான். யூடியூப்புக்கு இந்த அவசரம் கிடையாது. நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், ஒரே சந்தேகத்தை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. மீன் கழுவி வெட்டுவது, வாழைப்பூவில் நரம்பு எடுப்பது, இடியாப்ப மாவு பிசைவது போன்ற கைவேலைகளுக்கு வீடியோவே மேல்.

என் தேர்வு அப்பத்தாதான், ஆனால் ஊருக்குக் கிளம்ப ஒரு மாதமாவது இருக்க வேண்டும். சாதம், பருப்பு, ரசம், மண்டி, ஒரு துவட்டல், ஒரு புளிக்குழம்பு என்று இந்த ஆறை மட்டும் அடுப்படியில் நின்று பழகுங்கள். முதல் வாரம் வேடிக்கை, இரண்டாம் வாரத்திலிருந்து கரண்டி உங்கள் கையில் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கறிகாய்களுக்கு யூடியூப் போதும். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு ஆச்சியைக் கேட்டுப் பாருங்கள். காய் நறுக்கித் தருகிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அப்படி நிற்கும்போது போனைச் சட்டிக்கு நேராகச் சாய்த்து வைத்து, வெட்டாமல் முழுசாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாற்பது நிமிடம் ஓடும், ஓடட்டும்.