பாம்பனா, நெடுந்தீவா? கேமராவோட கிளம்புறவங்களுக்கு

கடலும் வேணும், கடலை நம்பிப் பொழைக்கிற சனமும் வேணும், ஆனா அந்தமான் லட்சத்தீவு அளவுக்கு செலவு பண்ண முடியாதுன்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் ரெண்டு பேர்தான் சொல்லுவேன். இந்தப் பக்கம் பாம்பன் தீவு, அதாவது ராமேஸ்வரம், தங்கச்சிமடம், தனுஷ்கோடி எல்லாம் சேர்ந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து நெடுந்தீவு. ரெண்டும் பாக் கடலை ஒட்டினதுதான், பேசுறதும் தமிழ்தான், வெயிலும் ஒரே வெயில்தான். ஆனா மெமரி கார்டுல வந்து விழுற படம் சுத்தமா வேற. என் கணக்கு சிம்பிள்: கடல் வேணும்னா பாம்பன், தீவு வேணும்னா நெடுந்தீவு.

பாம்பனும் தீவுதானேன்னு சண்டைக்கு வராதீங்க. 1914லயே ரயில் பாலம் போட்டாச்சு, 1988ல ரோடு பாலமும் வந்தாச்சு, இப்ப மதுரையில பஸ் ஏறினா தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள கோயில் வாசல்ல எறக்கி விட்டுருவான். தீவுங்கற நினைப்பு ஊருக்குள்ள எங்கயுமே இருக்காது, லாட்ஜு, டூரிஸ்ட் வேன், தீர்த்தமாடிட்டு ஈரத்துணியோட போற கூட்டம், அவ்வளவுதான். ஊரைத் தாண்டி கடலோரம் போனாதான் ஆட்டமே ஆரம்பிக்கும்.

அந்த ஆட்டத்துல பாம்பனை அடிச்சுக்க ஆள் இல்ல. தனுஷ்கோடி ரோட்டுல நின்னா ஒரு பக்கம் பாக் கடல், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல வளைகுடாப் பக்கம் அலை பொங்கிட்டு இருக்கும், பாக் கடல் அசையாமக் கெடக்கும், வடகிழக்கு வாடைக் காத்து வந்துட்டா ரெண்டும் அப்படியே மாறிடும். அலை தெறிக்கிற படம் வேணுமா, தண்ணியில வத்தைப் படகு நிழல் விழுற படம் வேணுமா, ரோட்டைத் தாண்டினாப் போதும். இந்த வசதி நெடுந்தீவுல கிடையாது.

அப்புறம் கரைவலை. இதுக்காக மட்டுமே ஒருநாள் ஒதுக்கலாம். கடல்ல வளைச்சு விட்ட வலையோட ரெண்டு கயித்தையும் ரெண்டு வரிசை ஆளுங்க கரையிலருந்து இழுத்துட்டு வருவாங்க, பின்னாடி நடந்துக்கிட்டே. வரிசைக் கடைசில வர்ற ஆள் கயித்தை விட்டுட்டு திரும்ப முன்னாடி ஓடிப்போய் தண்ணிக்குள்ள நின்னு புடிப்பாரு, இது மணிக்கணக்கா நடக்கும். எல்லாரும் மீன் வர்ற கடைசி நிமிஷத்துக்குத்தான் கேமராவைத் தூக்குறாங்க, என்னைக் கேட்டா படம் இருக்கறது அதுக்கு முன்னாடி, கயிறு தோள்ல அழுந்தி வியர்வையும் உப்புத்தண்ணியும் சேர்ந்து வழியிற நேரத்துல. வலையோட மடி, மீன் சேர்ற அந்தப் பை, கரையேறுனதும் ஒரே சத்தம், சூடையும் காரலும் நெத்திலியும் துள்ளும், அந்த வெள்ளிப் பளபளப்புல கேமராவோட வெளிச்ச மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிடும், வெள்ளை மணல் வேற சேர்ந்துக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் ப்ளஸ் ஒண்ணு வச்சுட்டு ஹிஸ்டோகிராம் பாத்துக்கோங்க. ஷட்டர் ஆயிரத்துல ஒண்ணுக்குக் கீழ போனா துள்ளுற மீன் வெறும் கோடாத்தான் தெரியும்.

பாலத்தைப் பத்தி சொல்லாம விட்டா அடிக்க வருவாங்க. பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு, 2025 ஏப்ரல் 6ல புதுப் பாலம் திறந்தாங்க. பழசுல நடுப்பகுதி ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் தூக்கும், புதுசுல 72 மீட்டருக்கு மேல நீளமான நடுத்துண்டு மொத்தமா செங்குத்தா மேல போகுது. இன்ஜினியரிங்கா பாத்தா பிரமாதம்தான், ஆனா படத்துக்கு பழசோட அந்த துருப்பிடிச்ச அழகு இதுல வராது. இது என் அபிப்ராயம், மறுக்குறவங்க மறுக்கலாம். ரோடு பாலத்து மேல வண்டிய நிறுத்தி எடுக்குற கூட்டத்தோட நீங்களும் சேராதீங்க, காலைல பாம்பன் ஊருக்குள்ள எறங்கி கீழ இருந்து எடுத்தா படகும் பாலமும் ஒரே ஃப்ரேம்ல வரும்.

தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச், 1964 டிசம்பர் புயல் மிச்சம் வச்ச சுவருங்க, இதெல்லாம் எல்லாரும் எடுத்து எடுத்து ஓய்ஞ்சு போன படம். 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்ததுக்கப்புறம் செல்ஃபி இல்லாத ஒரு நிமிஷம் கிடைக்கறதே பெருசு. அதோட இருட்டுறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிடுவாங்க, விடியக்காலை எப்ப உள்ள விடுவாங்கன்னு முந்தின நாளே செக்போஸ்ட்ல கேட்டு வச்சுக்கோங்க. குளிர் மாசங்கள்ல கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத தண்ணியில பூநாரை வந்து நிக்கும், அதுக்கு 400 எம்எம் லென்ஸ் இல்லாமப் போனா பிங்க் கலர் புள்ளிதான் மிஞ்சும்.

ஒரு விஷயம், கடல்பாசி எடுக்குற அக்காமாரைப் பத்தி. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி பாசி பறிக்கறது பாக்கறதுக்கே ஒரு காட்சிதான், யாருக்கும் கை துறுதுறுன்னும். ஆனா மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986லருந்து கடல் தேசியப் பூங்காவுக்குள்ள வருது, அந்தப் பக்கம் போனா வனத்துறையோட தகராறு. முகம் தெரியற மாதிரி நீங்க போடுற ஒரு படம் அவங்களுக்கு கேஸா வந்து நிக்கலாம். "எடுக்கட்டுமாக்கா?"ன்னு கேளுங்க, வேணாம்னா விட்டுருங்க.

இப்ப நெடுந்தீவு. இங்க பாலம் கிடையாது. யாழ்ப்பாணத்துலருந்து பஸ் புடிச்சு, புங்குடுதீவுக்குக் கடல் மேல போட்ட ரோடான தாம்போதியைத் தாண்டி, குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கருந்து படகுல சுமார் ஒரு மணி நேரம். நான் சொல்ற தீவுங்கற சமாச்சாரம் இந்த இறங்குதுறையிலயே தொடங்கிடுது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சைக்கிள், கோழித்தீவன சாக்கு, ஆஸ்பத்திரி போயிட்டு வர்ற பாட்டி, பள்ளிக்கூட வாத்தியார்னு அந்தத் தீவுக்குத் தேவையான அத்தனையும் அந்த ஒரு படகுல ஏறியாகணும். மோட்டார் சைக்கிளை நாலு பேர் சேர்ந்து தூக்கி படகுக்குள்ள எறக்குறப்ப படகு ஆடுது, தூக்கறவர் ஒரு கால் படகுல ஒரு கால் துறையில. 35 எம்எம் லென்ஸோட அங்கயே ரெண்டு மணி நேரம் நின்னாலும் படம் தீராது. பாம்பன்ல எவ்வளவு சுத்தினாலும் இப்படி ஒரு ஃப்ரேம் சிக்காது, ஏன்னா அங்க எல்லாம் லாரியில வந்துடுது.

தீவுக்குள்ள போனா முருகைக்கல் வேலி. காணிக்குக் காணி, ரோட்டோரம், தோட்டத்தைச் சுத்தி, எல்லாம் பவளக்கல்லை சும்மா அடுக்கி வச்சது, சாந்து பூசினது இல்ல. கிட்டப் போய் பாத்தா ஒவ்வொரு கல்லுலயும் மூளை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற வரி இருக்கும், ஒரு காலத்துல உயிரோட இருந்த பவளம். உச்சி வெயில்ல இது வெறும் சாம்பல் குப்பையாத் தெரியும், சாயங்காலம் வெளிச்சம் பக்கவாட்டுல விழறப்ப ஒவ்வொரு வரியும் எழுந்து நிக்கும். சிக்கல் எங்கன்னா, காலைப் படகுல போயி பகல்ல திரும்புற ஆளுக்கு கிடைக்கறது மொத்தமும் உச்சி வெயில்தான். அதனால ஒரு ராத்திரியாவது தங்கியே ஆகணும். தங்குற இடம் ரொம்பக் குறைவு, முன்னாடியே பேசி வச்சுட்டுப் போங்க.

குதிரைங்க இருக்கு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் (டச்சுக்காரங்க) காலத்துல கொண்டாந்ததோட வாரிசுன்னு சொல்றாங்க, குள்ளமா, யாருக்கும் அடங்காம தெக்குப் பக்க வெளியில திரியுது. கிட்டப் போனா நகர்ந்துடும், 200 எம்எம் வச்சு தூரத்துலயே உக்காந்துடுங்க. கோடையில தண்ணிக்குத் தவிச்சு எலும்பும் தோலுமா நிக்கறப்ப எடுக்க மனசு வராது, மழை முடிஞ்சு புல் பச்சையா இருக்கற தை மாசி சமயம் நல்லது. பெருக்க மரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, இதெல்லாம் ஒரு ஆட்டோவைப் புடிச்சா அரை நாள்ல முடிஞ்சுடும்.

ஆளுங்க விஷயத்துல நெடுந்தீவுக்கே என் ஓட்டு. தனுஷ்கோடியில கேமராவைப் பாத்துப் பாத்து சலிச்ச முகங்க, இங்க "தம்பி எங்கயிருந்து வாறியள்?"னு தொடங்கி தேத்தண்ணி வரைக்கும் போயிடும். ஆனா தமிழ்நாடுன்னு சொன்னதும் இழுவைப்படகு பேச்சு வரும், கட்டாயம் வரும். நம்ம ட்ராலர் அவங்க வலையை அறுத்துட்டுப் போற கோபம் நியாயமானது, உக்காந்து கேளுங்க. யாழ்ப்பாணத்துலயே காரைநகர், மயிலிட்டி பக்கம் போனா இலங்கைக் கடற்படைகிட்ட பிடிபட்ட நம்மூர் படகுங்க துறையில கெடந்து மக்கறதைப் பாக்கலாம், அதே படகோட சொந்தக்காரங்க குடும்பம் ராமேஸ்வரத்துல இருக்கும். இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிற ஆளுதான் இந்தக் கடலை உண்மையாவே எடுத்தவன்னு நான் சொல்வேன். கடற்படை முகாம் பக்கம் மட்டும் லென்ஸைத் திருப்பாதீங்க, ட்ரோனும் முறையா அனுமதி வாங்காம ரெண்டு கரையிலயும் வேண்டாம்.

ரெண்டு நாள் லீவும் கம்மி காசும்தான்னா யோசிக்கவே வேணாம், பாம்பன். ஆனா ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையிலயே கட்டிக் கெடக்கும், துறைமுகத்துப் பரபரப்பு வேணும்னா அந்த 61 நாளைத் தவிர்த்துடுங்க, நாட்டுப்படகு போதும்னா பரவால்ல. ஒரு வாரம் இருக்கு, கதை மாதிரி தொடர் படம் பண்ணனும்னா நெடுந்தீவு. உப்புக்காத்து ரெண்டு இடத்துலயும் கேமராவைத் தின்னும், ராத்திரி நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால பாடியைத் துடைங்க, மணல்ல நின்னுக்கிட்டு லென்ஸ் மாத்தாதீங்க. ரெண்டு கரையையும் ஒரே ட்ரிப்ல முடிக்க ஆசைன்னா நாகப்பட்டினத்துலருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் 2023 அக்டோபர்ல தொடங்கினாங்க, நடுவுல நின்னு 2024ல மறுபடி ஓட ஆரம்பிச்சுச்சு. கடல் சரியில்லன்னா கேன்சல் பண்ணிடுவாங்க, அதனால திரும்பி வர டிக்கெட்டுக்குப் பின்னாடி ஆபீஸ் லீவுல ஒண்ணு ரெண்டு நாள் மிச்சம் வச்சுக்கோங்க.