கல்மரம் செய்ய உலையா, வெந்நீர் ஊற்றா?

மண்ணில் புதைந்த மரம் வடிவம் மாறாமல் கல்லாகிப்போனால் அது கல்மரம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உருண்டு கிடக்கும் கல்மரங்களுக்கு வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதையே அமெரிக்க ஆய்வகம் ஒன்று சில நாட்களில் செய்துவிட்டதாக 2005-இல் செய்தி வந்தது. செய்தது உண்மைதான், செய்த பொருள் எது என்பதில்தான் சிக்கல்.

வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் யோங்சூன் ஷின் குழுவினர் எடுத்துக்கொண்டது மரக்கடையில் கிடைக்கும் பைன், பாப்லர் பலகைதான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத் துண்டை இரண்டு நாள் அமிலத்தில் ஊறப்போட்டார்கள்; பிறகு இரண்டு நாள் சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த, மணலில் உள்ள பொருள்) கரைசலில். உலர்ந்ததும் ஆர்கான் வாயு நிரம்பிய உலையில் படிப்படியாகச் சூடேற்றி, 1400 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். காற்று புகுந்திருந்தால் துண்டு சாம்பலாகியிருக்கும். ஆர்கானில் எரிய வழியில்லை. மரத்தின் கரி, சிலிக்காவிலுள்ள சிலிக்கானோடு சேர்ந்துகொள்ள, ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாக வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது சிலிக்கான் கார்பைடு. மரத்தின் நுண்குழாய்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அரிசோனாவில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. வடிவம் ஒன்று, பொருள் வேறு. உப்புத்தாள் செய்யும் பொருளைக் கல்மரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மத்திய ஜப்பானின் தாத்தேயாமா வெந்நீர் ஊற்றில் நடந்தது வேறு கதை. அங்கே ஆய்வாளர்கள் ஆல்டர் மரத்துண்டுகளைச் சிலிக்கா மிகுந்த வெந்நீரில் போட்டுவைத்துக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏழு ஆண்டுகளில் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சிலிக்கா ஏறிவிட்டது. முடிவு 2004-இல் வெளியானது. மரத்துக்குள் படிந்தது இன்னும் குவார்ட்ஸ் படிகமாகாத ஓப்பல் வகைச் சிலிக்கா; அது குவார்ட்ஸாக முதிர நெடுங்காலம் பிடிக்கும். ஆனாலும் இயற்கை போகும் பாதை இதுதான். கல்மரம் உருவாகும் விதத்தை அறிய விரும்புபவருக்கு நான் கைகாட்டுவது இந்த ஊற்றைத்தான்.

பயன்பாடு என்று வந்தால் உலைக்கே என் வாக்கு. குவார்ட்ஸைவிடக் கடினமான, சூட்டைத் தாங்கும், துளைகள் நிறைந்த பொருள் வடிகட்டிக்கும், வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கியைத் தாங்கிப் பிடிக்கவும் ஏற்றது. அதைச் செய்ய ஏழு ஆண்டு யார் காத்திருப்பார்கள்?

வரவேற்பறையில் வைக்கச் சிவப்பும் மஞ்சளும் கலந்த பளபளப்பான துண்டு வேண்டுமென்றால் இரண்டும் உதவாது. அந்த நிறங்கள் பெரும்பாலும் நிலத்தடி நீரோடு வந்த இரும்பின் வேலை. அரிசோனாவின் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு சில்லைக்கூட எடுக்கச் சட்டம் விடாது. வெளியே தனியார் நிலங்களில் தோண்டியதைத்தான் கடைகளில் விற்கிறார்கள்.