ஆஞ்சலோபுலோஸ்: முதலில் எந்தப் படம்?

கிரேக்கத் திரைப்பட இயக்குநர் தியோ ஆஞ்சலோபுலோஸின் 'டிராவலிங் பிளேயர்ஸ்' (1975), 'லேண்ட்ஸ்கேப் இன் த மிஸ்ட்' (1988) இரண்டில் எதில் தொடங்கலாம்? தயங்காமல் பின்னதைச் சொல்வோம்.

அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜெர்மனியில் அப்பா இருப்பதாக நம்பி ரயிலேறும் அக்கா, தம்பி. கதையைப் பின்தொடர எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கிரேக்க நகரமான தெசலோனிகியின் கடலிலிருந்து ஹெலிகாப்டர் தூக்கிச்செல்லும் கல் கையைப் பாருங்கள்: ஆள்காட்டி விரல் உடைந்திருக்கும். ஒன்று மட்டும், லாரிக் காட்சி மனதை உலுக்கும். வன்முறையைக் காட்டாமல் தார்ப்பாயை மட்டுமே காட்டுகிறார், அதுவே தாங்க முடியாதது.

முன்னது ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவின் கதை. ஏறக்குறைய நான்கு மணி நேரம், ஆனால் சுமார் 80 ஷாட்கள் (வெட்டில்லாத தொடர் பதிவுகள்) தான். கிரேக்கத்தின் ராணுவ ஆட்சிக் காலத்திலேயே படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார். பலரும் தடுமாறுவது நீளத்தால் அல்ல, காலத்தால்: 1946 புத்தாண்டு விருந்திலிருந்து வெளியேறி நடப்பவர்கள், ஷாட் வெட்டுப்படாமலேயே 1952 தேர்தல் கூட்டத்துக்கு வந்து சேர்கிறார்கள். கிரேக்க வரலாற்றில் மெட்டாக்சாஸ் என்பவரின் சர்வாதிகாரம், ஜெர்மன் ஆக்கிரமிப்பு, 1946-49 உள்நாட்டுப் போர் என்ற வரிசையை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். போனில் பார்க்காதீர்கள், முகங்கள் தொலைவில் இருப்பதால் யார் எவரென்றே பிடிபடாது.

அதே நாடகக் குழு 1988 படத்திலும் வருகிறது, வயதாகி, உடைகளை விற்பனைக்குத் தொங்கவிட்டபடி.